நாலு டயரில் இறங்கிய காற்று

என் வீட்டுக்காரர் ரெங்கசாமிக்குச் சந்தேகம் எப்போதாவது வருகிற சமாசாரம் இல்லை. மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால், பழைய அட்டையையும் புதிய அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து, அதே மாத்திரைதானா என்று பார்ப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதற்கு முன்னால், கை கழுவுகிற சாக்கில் சமையல்கட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். "சாரதா, ரசம் ரெண்டு அண்டாவுல வச்சிருக்கானுங்க. என்னமோ இருக்கு" என்பார். ரசத்தில் என்னத்தை ஒளிப்பது, கடவுளே!

இருபத்தாறு வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்குக் கோயில் கட்ட வேண்டாம், ஒரு மாலையாவது போடலாம். உலகத்தில் அவர் மோந்து பார்க்காமல் வாயில் வைப்பது ஒன்றே ஒன்றுதான்: விடியற்காலையில் நான் போட்டுக் கொடுக்கும் தேத்தண்ணி. கோப்பையை வாங்குவார், ஒரே மூச்சில் குடிப்பார், திருப்பிக் கொடுப்பார். அதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

நாங்கள் இருப்பது பிரிஞ்சாங் என்கிற மலை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் தோட்டத்து கேண்டீனில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுகிறேன். அவர் ஓட்டுவது நாலுகால் மோட்டார், மோட்டார் சைக்கிளுக்கு நாலு குண்டுச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். ஆபீஸ் தாளில் ஏடிவி என்று எழுதுவார்கள், தொழிலாளர் இருக்கும் லயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. லாரி ஏற முடியாத சரிவுகளில் பறித்த கொழுந்தைச் சாக்குகளில் கட்டிப் பின்னால் ஏற்றி, குறுகலான தடத்தில் இறக்கி, கீழே ரோட்டில் நிற்கும் லாரியில் சேர்க்க வேண்டும். இப்படி இரண்டு வண்டிகள் தோட்டத்தில் உண்டு. இன்னொன்றை ஓட்டுவது பக்கத்து வீட்டுச் சின்னக்கருப்பன். அவரும் இவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒன்றாகப் படிப்பை விட்டவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் மனைவி திலகா மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். வண்டிகள் இரண்டும் வாசலில் தகரக் கூரைக்கு அடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

போன அக்டோபர் மழையில் இவருடைய டயர்கள் போத்தாக் ஆகிவிட்டன, அதாவது என் பெரியப்பா தலை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டன. தோட்டத்து மானேஜர் துரையிடம் போய்ச் சொன்னார். துரை சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசுவார்.

"ரெங்கசாமி, ஓட்டுறது நீங்க. ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அந்த டயரையே டவுன்ல பாத்து எடுத்துக்குங்க. நீங்கதான் தேர்ந்தெடுத்ததுன்னு இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாராம்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருஷமா என் சட்டை சைஸக்கூட கேட்காதவங்க, இப்ப டயரை நீயே பாருன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு வண்டி கவுந்துச்சுன்னா, டயரு ஒன் இஷ்டம், கையெழுத்து ஒன்னோடதுன்னு சொல்லத்தான்."

அதற்கு நான் சிரிக்கவில்லை. காரணம் உண்டு. அவருடைய அப்பா வேறொரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினவர். ஒரு மழைநாளில் வண்டி சரிந்து இடுப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரிடம் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஒரு தாளை நீட்டி, இன்சூரன்சுக்கு என்றிருக்கிறார். அவர் கைநாட்டு வைத்தார். தாளில் இருந்தது, என் கவனக்குறைவால் நடந்தது என்று. ஒரே மாதத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ரெங்கசாமிக்கு அப்போது பதினொரு வயது. அம்மிக்கல்லை லாரிவரை தூக்கிக்கொண்டு போனது அவர்தான். அன்றைக்குப் பிடித்த சந்தேகம், இன்னும் இறங்கவில்லை.

போதாததற்கு ஆபீஸில் ஒரு பேச்சு அடிபட்டது. அடுத்த வருஷம் இரண்டு வண்டிக்கு ஒரே ஆள் போதுமாம். யாரை வைப்பார்கள், யாரை அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து இவர் சின்னக்கருப்பனை ஓரக்கண்ணால்தான் பார்த்தார். பாவம், அந்த மனிதர் வெள்ளந்தியாக வந்து, "மச்சான், பிரிஞ்சாங்குல புவனேஸ்வரன் கடைக்குப் போ. எனக்கு அவன்தான் டயர் போட்டுக் குடுத்தான். நல்லா இருக்குலா" என்று சொன்னார்.

வீட்டுக்குள் வந்ததும் இவர் கதவைச் சாத்தினார். "அவன் ஏன் எனக்கு நல்லது சொல்றான்?"

"நல்லவரா இருக்கிறதால இருக்கும்" என்றேன்.

"ஒனக்கு வெவரம் பத்தாது."

வெவரம் பத்தாத என்னைச் சாட்சிக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டார். தானா ராத்தாவில் ஒரு கடை, கோலா தெர்லாவில் ஒரு கடை என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டு, மூன்றாவது ஞாயிறு புவனேஸ்வரன் கடைக்கே போய் நின்றோம். நாலு சக்கரத்தையும் கழற்றித் தோட்டத்து வேனில் போட்டுக்கொண்டு போயிருந்தோம்.

புவனேஸ்வரனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கைவரை கறுப்பு. மூன்று ரகம் எடுத்துப் போட்டார். முதல் ரகத்தில் டயர் மேல் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் சின்னது, தார் ரோட்டுக்கு ஏற்றது. இரண்டாவதில் ஒவ்வொரு பட்டனும் கட்டைவிரல் உயரம், சேற்றைத் தோண்டிக்கொண்டு போகும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்.

"அண்ணே, ஒங்க மலைக்கு இந்த நடு ரகம்தான் சரி. சேத்து டயரு போட்டா தடத்தையே உழுதுரும். அடுத்த மழைக்குத் தடம் வாய்க்காலா ஆயிரும். இது பக்கவாட்டுலயும் கனம். கவாத்து வெட்டின தேயிலக் கட்டை குத்துனாலும் கிழியாது."

"அப்ப இது ஒன்கிட்ட நெறைய தேங்கிக் கெடக்கு."

"இல்லண்ணே. சரி, சேத்து டயரே எடுத்துக்குங்க."

"பாத்தியா சாரதா, இப்ப இதைத் தள்ளி விடப் பாக்குறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, அவரு எதச் சொன்னாலும் வேணாம்னா, அவரு வாயில பிளாஸ்திரி ஒட்டிட்டுத்தான் டயரு வாங்கணும்" என்றேன். புவனேஸ்வரன் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. டயரை மோந்து பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். முழங்காலை வைத்து அமுக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நாலு எண்ணைத் தேடினார். முதல் இரண்டு எண் எந்த வாரம் செய்தது, கடைசி இரண்டு எந்த வருஷம் என்பது அவருக்குத் தெரியும். அந்த மாதிரி விஷயமெல்லாம் எங்கிருந்தோ தெரிந்துவைத்திருப்பார்.

"முன்னாடி அடுக்கியிருக்கிறதெல்லாம் பழசு. நல்லதை உள்ளதான் வச்சிருப்பானுங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் போய், அடுக்கின் அடியிலிருந்து நாலு டயரைத் தானே உருவிக்கொண்டு வந்தார். அதே நடு ரகம். வேர்த்து விறுவிறுத்து, ஜெயித்த முகத்தோடு நின்றார். முன்னால் இருந்த டயர்களிலும் அதே வாரம், அதே வருஷம்தான் போட்டிருந்தது. நான் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. சில சமயம் அவரைச் சும்மா விட்டால்தான் வீடு போய்ச் சேர முடியும்.

டயரைச் சக்கரத்தில் மாட்டி முடித்ததும் புவனேஸ்வரன் சொன்னார்: "அண்ணே, முன்னால அஞ்சு காத்து. மூட்ட ஏத்துறதால பின்னால ஏழு. அதுக்கு மேல வேணாம்."

"அஞ்சா? புள்ளைங்க வெளாடுற பந்துலகூட அதுக்கு மேல இருக்கும்லா. என் மோட்டார் சைக்கிளுக்கே முப்பது அடிக்கிறேன்."

"மோட்டாரு வேற, இது வேறண்ணே."

இவர் குனிந்து டயரின் பக்கத்தைத் தடவினார். பெரிய எழுத்தில் முப்பத்தாறு என்று இருந்தது. அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக என்னென்னவோ இங்கிலீஷில் இருந்தது. பொடி எழுத்து எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் எட்டாது.

"இந்தா போட்டிருக்கே முப்பத்தாறு! வாயி பொய் சொல்லும். ரப்பர்ல அச்சடிச்சது பொய் சொல்லுமா?"

"அது டயரை ரிம்முல ஒக்கார வைக்கிறப்ப அதுக்கு மேல ஏத்தாதேன்னு போட்டிருக்குண்ணே. ஓட்டுறதுக்கு இல்ல."

இவர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் முணுமுணுத்தார். "காத்து கொறைச்சலா ஓட்டுனா டயரு சீக்கிரம் தேயும். தேஞ்சா யாருகிட்ட வருவேன்? இவன்கிட்டதானே?"

பிறகு பழைய டயர்களைக் கடையில் விட்டால் வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள் என்று, அவற்றை வேனில் கட்டப் போனார். அந்த இடைவெளியில் புவனேஸ்வரன் என் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, காத்து அதிகமா இருந்தா டயரு நடுவுல புடைச்சுக்கும். நெலத்துல படுறது ரெண்டு விரக்கடை அகலந்தான். ஈரக் களிமண்ணுல அப்பிடியே வழுக்கிரும். கொறைச்சலா இருந்தாத்தான் பரந்து ஒக்காந்து மண்ணைப் புடிக்கும். அண்ணன் கேக்க மாட்டாரு. நீங்க பாத்துக்குங்க." கையில் ஒரு சின்ன மீட்டரைக் கொடுத்தார். ஒன்றிலிருந்து பத்துவரைதான் அதில் எண்கள். நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இவரிடம் காட்டவில்லை. காட்டினால், கடைக்காரன் ஒனக்கு எதுக்கு இனாம் குடுக்குறான் என்று அடுத்த சந்தேகம் கிளம்பியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களை மாட்டி, வண்டியை நேராகத் தேயிலை பேக்டரிக்கு ஓட்டிப் போய் அங்கிருந்த பம்பில் காற்று அடித்தார். அந்த பம்பின் மீட்டரில் பத்துக்குக் கீழே எண்ணே கிடையாது. லாரிக்காக வைத்தது அது. வீடு திரும்பியதும், "அவரு அஞ்சுதானே சொன்னாரு" என்றேன்; இவருக்கு அந்த மீட்டரே சாட்சியாகிவிட்டது.

"அஞ்சுன்னு ஒண்ணு இருந்தா மீட்டர்ல போட்டிருக்க மாட்டானா? இருபத்தஞ்சு வச்சிருக்கேன். ரப்பர்ல முப்பத்தாறு போட்டிருந்தும் ஒன் பேச்சுக்காகக் கொறைச்சுத்தான் வச்சிருக்கேன்."

என்ன பெருந்தன்மை!

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது இடது கை முழுக்கச் சேறு. முழங்கை தோல் உரிந்திருந்தது. கேட்டால், "தடம் சரியில்ல. கருப்பன் போட்ட தடம்" என்றார். சாயங்காலம் நான் கொடியில் துணி எடுக்கிற இடத்தில் சின்னக்கருப்பன் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்.

"தங்கச்சி, மச்சான் வண்டி பதினாலாம் நம்பர் மலையில பாதி தூரம் பக்கவாட்டுலயே வந்துச்சு. கீழ ஓடை. ஒரு தேயிலச் செடிதான் புடிச்சு நிறுத்துச்சு. டயரு கல்லு மாதிரி இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டான். நீ சொல்லு."

பதினாலாம் நம்பர் மலை எனக்குத் தெரியும். வெயில் காலத்திலேயே அங்கே செடியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். இடுப்பு உடைந்து கட்டிலில் கிடந்த மாமனாரை நான் கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் குளிப்பாட்டியிருக்கிறேன். மகனையும் அப்படிக் குளிப்பாட்ட என்னால் முடியாது.

சொன்னேன். அழுதும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கடைக்காரனும் கருப்பனும் ஒரே பாட்டப் பாடுறானுங்க, பாத்தியா? டயரு சீக்கிரம் தேஞ்சா இவனுக்கு யாவாரம். வண்டி மெதுவாப் போச்சுன்னா அவனுக்கு வேல நெலைக்கும். ரெண்டு பேரும் கூட்டு. நீ வேற அவனுங்க பேச்ச நம்பிட்டு வந்து அழுவுற."

சரி, வாயால் சொல்லி ஆகிற காரியம் இல்லை என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

காலையில் அஞ்சரைக்கு அவர் குளிக்கப் போவார். எங்கள் ஊர்க் குளிருக்கு வெந்நீர் விளாவி, நடுங்கிக்கொண்டே முருகன் பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பாடுவார். அந்தப் பாட்டு முடிய நாலு நிமிஷம். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். வால்வை நகத்தால் அமுக்கினால் உஸ்ஸென்று இறங்கும். முன்னால் அஞ்சு, பின்னால் ஏழு. கடைசிச் சரணம் கேட்கும்போது நாலாவது டயர் முடிந்திருக்கும். உள்ளே வந்து தேத்தண்ணி ஆற்றுவேன்.

முதல் நாள் வண்டி பூனை மாதிரி இறங்கியதாம். வந்து அவரே சொன்னார். "இன்னைக்குத்தான் டயரு பழகியிருக்கு" என்று பெருமைப்பட்டார். எனக்கு நிம்மதியில் சிரிப்பு வந்தது. ஆனால் சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போது டயரின் வயிறு தொங்குவதைப் பார்த்துவிட்டார். பேக்டரிக்குப் போய் மறுபடியும் இருபத்தைந்து. மறுநாள் காலை நான் மறுபடியும் அஞ்சு. அவர் ஏற்ற, நான் இறக்க, இப்படியே நாலு நாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்த நடையிலேயே தெரிந்தது.

"பஞ்சர்னா ஒரு டயருதான் எறங்கும். நாலும் எறங்குது. அதுவும் அளந்து வச்ச மாதிரி எறங்குது. இது ஆள் வேல சாரதா."

"குளிருக்குக் காத்து சுருங்கும்னு சொல்வாங்க" என்றேன்.

"இருபத்தஞ்சு வச்சது வயிறு தொங்குற அளவுக்கா சுருங்கும்? இது கருப்பன் வேல. எனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு தொரைகிட்டக் காட்டப் பாக்குறான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான், யார் மேலேயும் போட மாட்டேன். ஆனால் சொன்ன நிமிஷமே அவர் இருபத்தைந்து அடித்துக்கொண்டு மலை ஏறிவிடுவார். மழையும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள், மழை விடட்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அதிகாலையில் இவர் டயர்களில் இன்னும் காற்று நிற்பதைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனார். வண்டிக்குப் பக்கத்தில் தூவி வைத்தால் வந்தவன் காலடி பதியும் என்று கணக்கு. குளித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாமாம். அவர் பாட்டை ஆரம்பித்ததும் நான் கதவைத் திறந்து பார்த்தேன். சின்னக்கருப்பன் வீட்டுப் பக்கம் அரை வட்டமாக, கோலப்பொடி மாதிரி, ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் தூவியிருந்தார். எங்கள் வாசல் பக்கம் ஒரு துளி சாம்பல் இல்லை.

அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். ஊரையே சந்தேகப்படுகிற மனிதருக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி வருவாள் என்று தோன்றவே இல்லை. அழுதுகொண்டே நாலு டயரையும் இறக்கினேன். வேறு என்ன செய்வது, மழை பெய்துகொண்டிருந்ததே!

சாம்பலில் காலடி இல்லாததைப் பார்த்து அவர் அசரவில்லை. "தாண்டிக் குதிச்சிருக்கான்" என்றார்.

சின்னக்கருப்பனோடு பேச்சு நின்றது. திலகா வழக்கமாகச் சுவருக்கு மேலே நீட்டும் கறிவேப்பிலையும் நின்றது. வெள்ளிக்கிழமை இவர் ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் வண்டியில் கை வைத்தால் வேலை நீக்கம் என்பது தோட்டத்துச் சட்டம். சனிக்கிழமை காலையில் விசாரணை. அதோடு, திங்கட்கிழமையிலிருந்து இரண்டு வண்டியையும் பேக்டரி ஸ்டோரில் வைத்துப் பூட்டப் போகிறார்கள் என்றும் கேண்டீனுக்கு வந்த கிராணி சொன்னார்.

பூட்டினால் என் கை டயருக்கு எட்டாது. இருபத்தைந்து காற்றோடு இவர் பதினாலாம் நம்பரில் ஏறுவார். ஒரு பாவமும் அறியாத சின்னக்கருப்பன் வேலையை இழந்து, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு லாரியில் சாமான் ஏற்றுவார். இவருடைய அப்பாவுக்கு நடந்ததை இவரே இன்னொருவருக்குச் செய்யப்போகிறார். செய்ய வைத்தது நான். ரொட்டி மாவு கையிலேயே காய்ந்துபோக நின்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் அடுப்பை அணைத்துவிட்டு, கேண்டீன் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஆபீஸுக்கு நடந்தேன்.

உள்ளே துரை உட்கார்ந்திருந்தார். இவர் ஒரு பக்கம், சின்னக்கருப்பன் ஒரு பக்கம் நின்றார்கள்.

"நான் தொடல தொரை" என்றார் சின்னக்கருப்பன்.

"அப்ப யாரு தொட்டது? ஒங்க வீட்டு வாசல்லதானே வண்டி நிக்குது. யாரையாச்சும் பாத்தீங்களா?"

"இல்ல தொரை." அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்யி! மூஞ்சியப் பாருங்க தொரை, பொய் சொல்ற மூஞ்சி!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

நான் மேஜையருகே போய் மீட்டரை வைத்தேன். "அண்ணன் தொடல ஐயா. நான்தான் தெனமும் காத்த எறக்குனேன். இவரு குளிக்கப் போறப்ப."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, முப்பத்தாறு, உரிந்த முழங்கை, ஓடை, எல்லாம். இவர் பக்கம் மட்டும் திரும்பவில்லை. துரை எழுந்து வெளியே போனார். வாசலில் நின்ற வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு, கைக்குட்டையால் டயரைத் துடைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்தைப் படித்தார்.

"ரெங்கசாமி, இங்க வாங்க. டயரை மாட்டும்போது முப்பத்தாறுக்கு மேல போகாதேன்னுதான் போட்டிருக்கு. ஓட்டுறதுக்குத் தனியா கீழ போட்டிருக்கான். அதிகபட்சமே ஏழுதான்."

இவர் குனிந்து பார்த்தார். அவரால் படிக்க முடியாது, ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன், கத்துவார் என்று நினைத்தேன். மறுபடியும் விரலால் அந்த எழுத்தைத் தடவினார்.

சின்னக்கருப்பன்தான் மெதுவாகப் பேசினார். "எனக்கு மொத நாளே தெரியும் மச்சான். எங்க அடுப்படி ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

"தெரிஞ்சா ஏண்டா சொல்லல? வேல போயிருக்கும்லடா ஒனக்கு!"

"சொன்னா நீ திரும்பக் காத்து அடிச்சிட்டு மல ஏறியிருப்ப. வேல போனா கோலா தெர்லாவுல முட்டகோஸ் ஏத்தலாம்லா. நீ ஓடைக்குள்ள போனா நான் யாரோட சண்ட போடுறது?"

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிய தாளைத் துரை நீட்டினார். அந்த நிலைமையிலும் என் வீட்டுக்காரர் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வண்டிகள் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும் என்று துரை சொல்லிவிட்டார். மீட்டரை நான் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறும் பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணியை வைத்தேன்.

கோப்பையை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார். மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. "குடிங்க! வெஷம் ஒண்ணும் கலக்கல!" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "இதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாம என்னென்ன செஞ்சிருக்க?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். தொலைத்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி கேட்டார்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். "சீனி" என்றேன். "ஒங்களுக்கு இனிப்புநீர்னு டாக்டர் சொன்னப்ப, அவரு மாத்திர விக்கிறதுக்காகச் சொல்றாருன்னீங்க. அன்னையிலேர்ந்து தேத்தண்ணியில சீனியக் கொறைச்சேன். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா. இப்ப ஒரு வருஷமா சீனியே போடல."

அவர் கோப்பைக்குள் பார்த்தார். ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து, விழுங்கினார். "ஒரு வருஷமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மீதியையும் குடித்துவிட்டு, மேஜையில் கிடந்த சின்ன மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

விசாரணைக்கு முன்னால் அவர் ஏற்றி வைத்திருந்த காற்று உஸ்ஸென்று இறங்கும் சத்தம் கேட்டது. நான் உள்ளேயே நின்றேன். நாலு தடவை கேட்டது.

"சாரதா, இங்க வா. இது அஞ்சுதானான்னு பாரு."

ஓடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன் சக்கரத்தருகே குனிந்து பார்த்தேன். முள் சரியாக அஞ்சில் நின்றது. "அஞ்சுதாங்க" என்றேன்.

அவர் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய் கருப்பா, செத்த வந்து நீயும் ஒருக்க பாருடா."